சந்திரபாபு விழும் அழகு

உப்புக்காற்று வீசும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலம். 1927இல் அந்தக் கடலோரத்தில், பனிமய மாதாவின் பெயரைத் தாங்கிப் பிறந்த பிள்ளை ஜோசப் பனிமயதாஸ். பின்னாளில் ஜே.பி.சந்திரபாபு. அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் அவர் பட்ட துன்பங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாம் கொஞ்சம் அவருடைய கலையின் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம், வாருங்கள்.

முதலில் அந்தக் குரல். நெஞ்சுக்குழியில் கனிந்து வரும் ஒரு சுரம், கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சந்தலைக்குத் தாவி, மெல்லிய குழலோசையாகி, மறுபடியும் மண்ணுக்கு இறங்கி வரும். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்கள் பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் கூவி அழைத்த அந்த 'யோடலிங்' முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் இத்தனை இயல்பாகக் குடியமர்த்தியவர் அவர். சிறுவயதைக் கொழும்பில் கழித்தவர். மேற்கத்திய இசை அவருக்கு அந்நியமாக இருந்ததில்லை. 'பெண்' (1954) படத்தில் எஸ்.பாலசந்தர் வாயசைக்க, இவர் பாடிய பாட்டைக் கேளுங்கள். சிரிப்பும் சுரமும் எங்கே பிரிகின்றன என்று காதால் பிடிக்க முடியாது. 'மரகதம்' (1959) படத்தில் ஜமுனாராணியோடு பாடும்போதோ அதே குரல் எவ்வளவு குழைகிறது! தாளத்துக்குள் இருந்துகொண்டே ஒரு நூலிழை தாமதித்துச் சொல்லை விடுகிறார். அந்தத் தாமதத்தில்தான் செல்லம் இருக்கிறது. எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் மெட்டு அதற்கு இடம்கொடுத்து நிற்பதும் தனி அழகு.

இனி அந்த உடம்பு. அவர் கால் இடறுவதை மெதுவாகக் கவனியுங்கள். முதலில் தோள் தளரும். பிறகு இடுப்பு நழுவும். முழங்கால் கடைசியாகத்தான் மடியும். முகம் மட்டும் எதுவுமே நடக்காதது போல நிதானமாக இருக்கும். பரதத்தில் உறுப்புகளின் பிழையற்ற அசைவை அங்கசுத்தம் என்பார்களே, அதை வழுக்கி விழுவதில் வைத்திருந்தார் இந்த மனிதர். நகைச்சுவை நடிகர் என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடக்கிவிட்டது நம் ரசனையின் குறை என்றே நான் நினைக்கிறேன்.

'சபாஷ் மீனா' (1958) அவருடைய சிகரம். இரட்டை வேடம். அதில் ரிக்‌ஷாக்காரராக வந்து பேசும் சென்னைத் தமிழில் ஒரு சொல்கூட ஒட்டவைத்ததாக இல்லை. கடலோரத்திலும் கொழும்பிலும் வளர்ந்த நாக்கு பட்டணத்துத் தெருவின் ஏற்ற இறக்கத்தை அத்தனை நேர்த்தியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பவர் சிவாஜி கணேசன். காட்சியோ எத்தனை முறை இவர் பக்கம் சாய்கிறது!

'சகோதரி' (1959) முடிந்த பிறகு, படத்தில் கலகலப்புப் போதவில்லையென்று ஏவி.எம். இவரை அழைத்துக் காட்சிகள் சேர்த்தது. பின்னால் தைத்த ஒட்டாகத் தெரிய வேண்டிய அந்தப் பால்காரர் பாத்திரம்தான் இன்று அந்தப் படத்தின் உயிராக நிற்கிறது.

துயரங்கள் இல்லாமலில்லை. 1950களின் தொடக்கத்தில், வாய்ப்புக்காக அலைந்து சலித்து, ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் பின்பு நடித்தார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. மாடிக்கே கார் ஏறிச் செல்லும்படி ஆசையாய்க் கட்டத் தொடங்கிய வீடு கைவிட்டுப் போனது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. அவரே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) கைகொடுக்கவில்லை. குடி உடம்பைத் தின்றது. 1974 மார்ச்சில், 46 வயதில் மறைந்தார்.

ஆனால் இந்தத் துன்பங்கள்தான் அவரைக் கலைஞராக்கின என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துன்பம் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது, கொடுத்தது பயிற்சி. 'அன்னை' (1962) படத்தில் புத்தியையும் வெற்றியையும் பற்றி அவர் பாடும்போது குரலில் கண்ணீர் இல்லை. மூச்சு ஒரே சீராக நடக்கிறது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுகிறது. அந்தத் தெளிவை அடைய எத்தனை நாள் பாடிப் பழகியிருப்பார்!

'சபாஷ் மீனா'வை இன்னொரு முறை பாருங்கள். வசனத்துக்குச் சிரித்து முடித்தபின், ஒலியை அடைத்துவிட்டு அவருடைய தோளையும் முழங்காலையும் மட்டும் பாருங்கள்.