நீராவிச் சம்மட்டியின் லயம்

இங்கிலாந்தின் வடபாகத்தில், ஏழு குன்றுகளின் மீதும் அவற்றின் நடுவே ஓடும் சிற்றாறுகளின் கரைகளிலும் பரந்து கிடக்கும் ஷெஃபீல்டு என்னும் நகரம் கத்திக்கும் கரண்டிக்கும் உலகமெங்கும் பெயர் பெற்றது. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி மூசையில் வைத்து எஃகை உருக்கி வார்க்கும் முறையை அந்த வட்டாரத்தில்தான் கண்டறிந்தார். 1913-இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தெடுத்ததும் அங்கேதான். டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாக எழுந்த உருக்காலைகளில், இரவு பகல் என்ற பேதமின்றி, யந்திர பலத்தால் உயர்த்தப்பட்ட ராட்சசச் சம்மட்டிகள் பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் விழுந்துகொண்டே இருந்தன. அந்த ஓசையைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டு வளர்ந்ததை அந்நகரின் சங்கீதக்காரர்கள் சிலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் எச். கிர்க் 1956-இல் பிறந்து, தம் 65-ஆம் வயதில், 2021 செப்டம்பரில் காலமானார். கீர்த்தி வந்ததும் லண்டனுக்குக் குடிபெயர்ந்த சகாக்கள் பலர் இருக்க, அவர் கடைசிவரையில் ஷெஃபீல்டைவிட்டு அகலவில்லை. ‘இண்டஸ்ட்ரியல்’ சங்கீதம் என்று இன்று வழங்கும் வகையின் மூலபுருஷர்களில் ஒருவராக ரசிகர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

‘யந்திர சப்தமும் ஒரு சங்கீதமா?’ என்று கேட்பவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல் ஆகிவிட்டது. பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்த அதே 1913-ஆம் வருஷத்தில், லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர், ஆலைகளும் மோட்டார்களும் நிறைந்த யுகத்தின் காதுக்குப் பழைய வாத்தியக் கோஷ்டியின் நாதம் மட்டும் போதாது என்று வாதித்து ஒரு பிரகடனம் வெளியிட்டார். வெளியிட்டதோடு நில்லாமல், இரைச்சலை எழுப்புவதற்கென்றே பெட்டி பெட்டியாகக் கருவிகளும் செய்தார். 1948-இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர் ரயில் வண்டியின் ஓசைகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, இசையாக ஒலிபரப்பினார். இவையெல்லாம் கலைக்கூடத்துக்குள் நடந்த சோதனைகள். அவற்றைத் தெருவுக்கும் நடனக் கூடத்துக்கும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள், சங்கீத சிக்ஷை ஏதுமில்லாத 1970-களின் ஆங்கில இளைஞர்களே. த்ராபிங் கிரிஸில் என்ற குழுவினர் 1976-இல் லண்டனில் தொடங்கிய இசைத்தட்டு ஸ்தாபனத்துக்கு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே பின்னர் ஒரு சம்பிரதாயத்தின் பெயராயிற்று. கிர்க்கின் முதல் தனி ஆல்பம் 1980-இல் அந்த ஸ்தாபனத்திலிருந்துதான் ஒலிநாடாவாக வெளிவந்தது.

ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்னதாகவே, 1973-இல், கிர்க்கும் ஸ்டீபன் மாலிண்டரும் கிறிஸ் வாட்ஸனும் ஒரு பரண் அறையில் கூடிவிட்டார்கள். வாட்ஸன் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவர். ஆகையால் கம்பியும் மின்சாரமும் அவருக்கு அச்சம் தரும் விஷயங்களாக இருக்கவில்லை. தாங்களே செய்த சிறு மின்கருவிகளையும் ஒரு டேப் ரிகார்டரையும் வைத்துக்கொண்டு, எந்த ஓசை அகப்பட்டாலும் அதைப் பதிவு செய்வது, நாடாவைத் துண்டாக நறுக்குவது, துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, செக்கைச் சுற்றும் மாடு போல அதை ஓயாமல் சுற்றவிடுவது என்று அவர்களுடைய அப்பியாசம் நடந்தது. காபரே வோல்டேர் என்ற பெயரை அவர்கள் சூட்டிக்கொண்டது, முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1916-இல், சூரிச் நகரில் ஹியூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் திறந்த விடுதியின் நினைவாக. யுத்தத்தைக் கண்டு வெறுத்துப்போன கவிகள் அர்த்தமற்ற சப்தங்களை அங்கே மேடையேறிப் பாடினார்கள். டாடா இயக்கம் அங்கே பிறந்தது.

அவர்களுடைய கலைக்கு ஊற்றாக இருந்தவற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இந்த டாடாவையும், அச்சடித்த பக்கத்தைக் கத்தரித்து மாற்றி ஒட்டிப் புதிய வாக்கியம் காணும் வில்லியம் பர்ரோஸ், பிரையன் கைசின் ஆகியோரின் உத்தியையும், ஜெர்மானியக் குழுக்களான கான், கிராஃப்ட்வெர்க் ஆகியவற்றையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். இந்த இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ஆட்டச் சங்கீதத்தில், குறிப்பாக ஜேம்ஸ் பிரவுனின் தாளக்கட்டில், ஊறிப்போனவர்கள். பாட்டின் குரலை உருவிவிட்டு, அடிநாதத்தையும் எதிரொலியையும் மட்டும் முன்னிறுத்தும் ஜமெய்க்காவின் டப் இசையையும் விரும்பிக் கேட்டவர்கள். இரைச்சலைச் செய்வதற்கு யாராலும் முடியும். இரைச்சலை ஆட வைப்பதற்கு இந்த இரண்டாவது ஊற்று வேண்டும். கிர்க்கின் ஐம்பது வருஷ உழைப்பைத் தாங்கி நிற்பது இந்த லய ஞானமே என்பது என் அபிப்பிராயம். அதே காலத்து இரைச்சல் பதிவுகளில் பலவற்றை ஒருமுறை கேட்டால் போதும் என்று தோன்ற, இவருடையவை மீண்டும் மீண்டும் கேட்கச் சொல்வதன் ரகசியமும் அதுவே.

அவர்களுடைய முதல் அரங்கேற்றம் 1975 மே 13-ஆம் தேதி, ஷெஃபீல்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒரு நடனக் கூட்டத்தில் நடந்தது. ராக் இசை வாசிப்போம் என்று ஏற்பாட்டாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேடை ஏறியதும் எழுந்ததோ, டேப் வளையத்தில் பதிந்திருந்த ஒரு நீராவிச் சம்மட்டியின் அடி. மத்தளம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சம்மட்டி. அதன்மேல், மினுக்கு விளக்குகள் தைத்த ரப்பர் சட்டை அணிந்த கிர்க், மின்சாரத்தால் குரல் மாற்றப்பட்ட கிளாரினெட்டை ஊதிக்கொண்டிருந்தார். ஆட வந்த கூட்டம் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மேடைமீதே ஏறிவிட்டது. கைகலப்பில் மாலிண்டர் கீழே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. ஊர்க்காரர்கள் பகலெல்லாம் ஆலையில் கேட்ட ஓசையை இரவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கேட்கச் சம்மதிக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அடித்தவர்கள் ஆலைத் தொழிலாளிகளல்ல, மாணவர்களே என்பதால் அந்த வேடிக்கை பொருந்தாது.

கலைஞனுடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அதை மனோபாவமாக மட்டும் கருதுகிறார்கள். கிர்க்கின் விஷயத்தில் அதற்கு நான்கு சுவர்களும் ஒரு கூரையும் இருந்தன. போர்டோபெல்லோ தெருவில், வெஸ்டர்ன் வொர்க்ஸ் என்ற பழைய தொழிற்கட்டடத்தில், இளம் சோஷலிஸ்டுகளின் சங்கம் முன்பு குடியிருந்த அறைகளை மூவரும் வாடகைக்குப் பிடித்துப் பதிவுக்கூடமாக ஆக்கிக்கொண்டார்கள். மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கேட்கும் ஸ்டூடியோ முதலாளி இல்லை. ‘இது விற்குமா’ என்று தோளுக்குப் பின்னால் நின்று கேட்கும் தயாரிப்பாளர் இல்லை. ஓர் ஓசை பழுக்க ஒரு வாரம் ஆகுமென்றால் ஒரு வாரம் காத்திருக்கலாம். அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட லண்டன் ஸ்தாபனமான ரஃப் டிரேடும், செலவு போக மிஞ்சிய லாபத்தைக் கலைஞர்களோடு சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டது. கம்பெனிக்கு அடிமைப்படாமல் வாழ அந்த ஏற்பாடு உதவியது.

ஊரும் அதற்கு இசைவாக இருந்தது. இடதுசாரி நகரசபை பஸ் கட்டணத்தை மிகக் குறைவாக வைத்திருந்ததால் கையில் சில்லறை மட்டும் உள்ள இளைஞனும் இரவில் ஊரைச் சுற்றிவர முடிந்தது. அதே நகரசபையின் ஆதரவில் நடந்த மீட்விஸில் என்ற இளைஞர் நாடகப் பட்டறையில்தான் பின்னாளில் ஹியூமன் லீக் குழுவை அமைத்த மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் பழகினார்கள். க்ளாக் டிவிஏ குழுவை நிறுவிய அடி நியூட்டனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. மான்செஸ்டர், லிவர்பூல் முதலிய அண்டை நகரங்களில் இளைஞர்கள் கித்தாரைத் தேடி அலைந்த காலத்தில் இவர்கள் சிந்தசைசரைத் தேடினார்கள். வெஸ்டர்ன் வொர்க்ஸின் கதவும் பிறருக்குத் திறந்தே இருந்தது: ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்த பின், திகைத்து நின்ற அவருடைய தோழர்கள் நியூ ஆர்டர் என்ற புதுப் பெயரில், 1980 செப்டம்பரில், அங்கே வந்து பதிவு செய்து பார்த்தார்கள்.

அந்த அறையில் உருவானவற்றுள் பிரசித்தமானது 1979-இல் வந்த ‘நாக் நாக் நாக்’. மலிவான டிரம் மெஷினின் தகர ஓசை, ரம்பம் போல் அறுக்கும் கித்தார், தொலைபேசிக்குள்ளிருந்து சீறுவது போன்ற மாலிண்டரின் குரல் என இளமையின் வேகம் முழுவதும் அதில் உண்டு. இருப்பினும் கிர்க்கின் கலையை நிதானமாக அறிய விரும்புகிறவர் 1981-இல் வெளிவந்த ‘ரெட் மெக்கா’வைக் கேட்க வேண்டும். ஈரானியப் புரட்சியும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பணம் கேட்டுக் கர்ஜிக்கும் கிறிஸ்தவப் பிரசங்கிகளும் அந்தச் சமயத்தில் அவர்களுடைய மனத்தை ஆட்கொண்டிருந்தன. ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்துக்கு ஹென்றி மான்சினி அமைத்த மெட்டை உருக்குலைத்து, அதையே ஆல்பத்தின் வாயிலிலும் கடைசியிலும் வைத்திருக்கிறார்கள். நடுவில், பத்து நிமிஷத்துக்கும் மேல் நீளும் ‘எ தவுசண்ட் வேஸ்’ என்ற உருப்படியைக் கவனியுங்கள். தாளம் மாறுவதே இல்லை. சுரங்களும் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. மாறுவது ஒலியின் மேனிதான். ஒரு கித்தார்ச் சீறல் எழுந்து, தன் எதிரொலியிலேயே கரைந்து, அந்த எதிரொலி அடுத்த அடியோடு மோதிப் புதியதொரு நடையைப் பிறப்பிக்கிறது. முதல் முறை கேட்கையில் இருள் என்று தோன்றிய இடத்தில், பழகப் பழக, தூரத்துப் பேச்சும், ஊதுவாத்தியத்தின் கேவலும், எங்கிருந்தோ வரும் வானொலித் துணுக்கும் தனித்தனியே புலப்படுகின்றன. இவை எங்கே வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக் காது ஒன்றே தீர்மானித்திருக்கிறது.

அந்த ஆண்டிலேயே வாட்ஸன் பிரிந்து ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்தார். பின்னர் டேவிட் அட்டன்பரோவின் இயற்கைப் படங்களுக்காகப் பறவைகளின் குரலையும் பனிப்பாறைகளின் முனகலையும் பதிவு செய்து புகழ் பெற்றார். ஆலைச் சம்மட்டியைப் பிடித்த ஒலிவாங்கிதான் பறவையையும் பிடித்தது. இதைத் தொழில் மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

எஞ்சிய இருவரும் 1983-இல் பெரிய கம்பெனியான வர்ஜினோடு சேர்ந்தார்கள். ‘தி கிராக்டவுன்’ நல்ல ஆல்பம். ‘சென்சோரியா’ அற்புதமான ஆட்டப் பாட்டு. அதற்குப் பிறகு வந்தவற்றில் பளபளப்பு ஏற ஏற, அந்த அறையின் புழுக்கம் குறைந்துகொண்டே போனது. நாகரிகமான ஸ்டூடியோவில் துலக்கியெடுத்த தாளம் எவருடையதாகவும் இருக்கலாம் என்ற நிலை 1990-இல் வந்தது. அக்காலத்தை ரசிக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு வழக்காட நான் தயாராக இல்லை.

விசேஷம் என்னவென்றால், குழு தளர்ந்த அதே சமயத்தில் ஊர் மறுபடியும் கிர்க்குக்குக் கைகொடுத்தது. 1980-ஆம் ஆண்டு எஃகுத் தொழிலாளர்களின் தேசிய வேலைநிறுத்தத்துக்குப் பின் உருக்காலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, டான் பள்ளத்தாக்கு பாழடைந்து கிடந்தது. 1989-இல் ஷெஃபீல்டில் வார்ப் என்ற சிறு இசைத்தட்டு ஸ்தாபனம் பிறந்தது. அதன் முதல் தட்டை வெளியிட்டவர்கள், ஊரில் பிழைத்து நின்ற பெரிய வார்ப்பாலையின் பெயரையே தங்களுக்குச் சூட்டி ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். கிர்க், ரிச்சர்ட் பாரட் என்ற நடன விடுதி இசைத்தட்டாளரோடு கூடி, ஸ்வீட் எக்ஸார்சிஸ்ட் என்ற பெயரில் 1990-இல் ‘டெஸ்டோன்’ என்ற தட்டை அங்கே வெளியிட்டார். பதிவுக்கருவிகளைச் சரிபார்ப்பதற்காக எழுப்பும் வெறும் மின்தொனி இருக்கிறதே, எந்தப் பொறியாளரும் இசை என்று எண்ணாத அந்த ‘பீப்’, அதுதான் இங்கே பிரதான வாத்தியம். அதன் கீழே, ஒலிபெருக்கியின் மரப்பெட்டியை அதிரவைக்கும் அடிநாதம். பரணில் பிறந்த கலை, பதினேழு ஆண்டு கழித்து, இருபது வயதுப் பிள்ளைகளை ஆட வைத்தது. அந்தத் தட்டுக்கான வீடியோப் படத்தை இயக்கியவர் அந்நாளில் அதிகம் அறியப்படாதிருந்த உள்ளூர்ப் பாடகர், பல்ப் குழுவின் ஜார்விஸ் காக்கர்.

1994-இல் காபரே வோல்டேர் ஓய்ந்தது. மாலிண்டர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கிர்க் தனியே, சாண்டோஸ், எலெக்ட்ரானிக் ஐ முதலான எத்தனையோ புனைபெயர்களில் ஓயாது பதிவு செய்தார். இவ்வளவு வெளியிட்டிருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. வாசலில் நின்று தடுக்கும் ஆசிரியன் இல்லாத சுதந்திரத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. பாதியைக் கழித்தால் மீதி இன்னும் ஓங்கி நிற்கும். ஆனால் 1994-இல் வார்ப் வெளியிட்ட ‘வர்ச்சுவல் ஸ்டேட்’ எந்தச் சல்லடையிலும் தங்கும்.

2014-இல் பெர்லின் அடோனல் விழாவில் காபரே வோல்டேர் என்ற பெயரைக் கிர்க் மீண்டும் மேடையேற்றியபோது, மேடையில் அவர் ஒருவரே நின்றார். பழைய பாட்டு ஒன்றைக்கூட வாசிக்க மறுத்துவிட்டார். ரசிகர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். நினைவை விற்றுப் பிழைக்கும் பழைய குழுக்கள் ஊருக்கு ஊர் சுற்றும் இக்காலத்தில் அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 2020 நவம்பரில், அந்தப் பெயரில் 26 ஆண்டுகளுக்குப் பின் முதல் ஆல்பமாக ‘ஷேடோ ஆஃப் ஃபியர்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு, இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, தாளத்தையே துறந்து ஒரே நீண்ட ரீங்காரமாக விரியும் இரண்டு ஆல்பங்களையும் தந்தார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் அந்த ரீங்காரங்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ‘டெஸ்டோன்’ முதலில், கால் தானாகத் தட்ட ஆரம்பித்ததும் ‘ரெட் மெக்கா’, அதில் ஒரு மாதம் பழகிய பிறகு ‘வர்ச்சுவல் ஸ்டேட்’. காதுக்குள் செருகும் சிறு கருவிகளை எடுத்து வைத்துவிட்டு, அடிநாதம் தெளிவாக ஒலிக்கும் பெரிய ஒலிபெருக்கி உள்ள சிநேகிதர் வீட்டுக்குப் போவது உத்தமம். அண்டை வீட்டார் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.