அத்தியாயம் முடிகிற இடம்

படப் புத்தகத்துக்கும் முழு நாவலுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு புத்தக வகை இருக்கிறது. ஐம்பது அறுபது பக்கம், எட்டோ பத்தோ அத்தியாயம், அங்கங்கே ஒரு கோட்டுப்படம். ஏழெட்டு வயதுப் பிள்ளை யாருடைய மடியும் இல்லாமல் தானே உட்கார்ந்து படித்து முடிக்கிற முதல் புத்தகம் அதுதான். பெரியவர்கள் அரைமணியில் புரட்டிவிட்டு, “இதில் என்ன பெரிதாக இருக்கிறது?” என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்குப் பொடியாக இருப்பதுதான் இதன் அழகு.

முதலில் வாக்கியம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். யார், எதை, எங்கே, எப்படி என்று எல்லாவற்றையும் மனசில் தாங்கிக்கொண்டு முற்றுப்புள்ளி வரை போனால்தான் என்ன நடந்தது என்று தெரியும். விரல் வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு அது நீண்ட நடை. ‘மழை விட்டதும் செல்வி குடையை மடக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினாள்’ என்று எழுதினால் பாதி வழியிலேயே மழை மறந்துபோகும். சரி, துண்டாக்கலாம் என்று ‘மழை விட்டது. செல்வி குடையை மடக்கினாள். செல்வி மரத்தடிக்கு ஓடினாள்’ என்று வைத்தால் அது பயிற்சி ஏடு ஆகிவிடும். அதைப் பிள்ளை கொட்டாவியோடுதான் படிக்கும். கை தேர்ந்தவர் இப்படிச் செய்வார்: ‘மழை விட்டது. செல்வி குடையை மடக்கிக்கொண்டு ஓடினாள். எங்கே? புளிய மரத்துக்கு.’ அந்த ‘எங்கே?’யைப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு இடம். அடுத்த வரிக்கு இழுக்கிற கொக்கியும் அதுவே. ‘புளியமரத்தடி’ என்று ஒட்டிக் கிடந்ததும் சத்தமில்லாமல் பிரிந்து, சின்ன வாய்க்கு ஏற்ற அளவாகிவிட்டது. இலக்கணப் பிடிவாதக்காரர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

எழுத்தளவிலும் இந்தக் கரிசனம் உண்டு. நம் கொங்குப் பக்கத்துக் காட்டில் கௌதாரி தெரியாத பிள்ளை குறைவு. ஆனால் அச்சில் ‘கௌதாரி’யைப் பார்த்தால் கொம்பு, க, ள என்று தனித்தனியாக எடுத்து ‘கெளதாரி’ என்று வாசித்துவிட்டு, அது என்ன பறவை என்று விழிக்கும். ஔகாரக் குறியின் பின்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால் வருகிற வினை. இது தெரிந்த எழுத்தாளர் முதல் அத்தியாயத்தில் காடையைப் பறக்க விடுவார். கௌதாரியை நாலாவது அத்தியாயத்தில், படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். படத்தை எங்கே வைப்பது என்பதும் ஒரு வித்தை. புதருக்குள் இருப்பது பாம்பா, பூனையா என்று வரி கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதே பக்கத்து ஓவியம் பூனையைக் காட்டிவிட்டால் போச்சு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அத்தியாயம் முடிகிற இடம். அம்மாயி கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த உம் எங்கே போயிற்று? அத்தியாயக் கடைசியில் விட்ட பாதி வெள்ளைத் தாளில் இருக்கிறது. அங்கே கதை ஒரு எட்டு முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்தைப் புரட்டுவதுதான் பிள்ளை கொட்டுகிற உம். அத்தியாயம் ரொம்ப நிறைவாக முடிந்தால் புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விடும். ரொம்ப பயமாக முடிந்தால் அம்மாவிடம் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது.

இந்த வயதின் மனசை அறிந்த ஒருவர் கொங்கு மண்ணிலேயே இருந்தார். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த பெ. தூரன். ஊர் அவரைக் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கீர்த்தனைகளை இயற்றியவராகவும் நினைவு வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கென்றே தனியாகப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தவரும் அவரே. கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். குழந்தை உளவியலைப் பற்றித் தமிழில் எழுதியவர். இத்தனை கனமான வேலைகளுக்கு இடையில் ‘சூரப்புலி’, ‘ஓலைக்கிளி’, ‘மாயக்கள்ளன்’, ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’ என்று சிறுவர் கதைகளும் எழுதினார்.

தலைப்புகளை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே பாட்டுக்காரரின் காது தெரிகிறது. கொல்லி, குள்ளன் என்று ககரமும் இரட்டை எழுத்தும் மோதிக்கொள்கிற ஓசையைப் பிள்ளைகள் இரண்டு முறை சொல்லிச் சிரிப்பார்கள். சூரப்புலி ஒரு நாய். நாய்க்குப் புலி என்று பேர் வைத்த குறும்பிலேயே கதை பாதி தொடங்கிவிடுகிறது.

இடத்தேர்வு இன்னும் நுட்பம். ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போகிற பிள்ளை சங்ககிரி மலையையும் அதன்மேல் ஏறிக் கிடக்கும் கோட்டை மதிலையும் ஜன்னல் வழியே பார்க்கலாம். தீரன் சின்னமலை 1805-ல் தூக்கிலிடப்பட்ட இடம் என்று பெரியவர்கள் கைகாட்டுவார்கள். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்று டூர் போய்வந்த அண்ணன் பெருமையடிப்பான். தெரிந்த இடத்தின் பேர் அட்டையில் இருந்தால் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்குப் பாதிச் சுமை குறைந்துவிடுகிறது. கோபிசெட்டிபாளையத்தில் என் அக்கா பேத்திக்கு ‘கொல்லிமலைக் குள்ளன்’ அட்டையை நீட்டினேன். “கொல்லிமலை நாங்க போயிருக்கறமுங்க. அங்க குள்ளன் யாரும் இல்லீங்களே?” என்றாள். “நீயே படிச்சுப் பாரு கண்ணு” என்றதோடு என் வேலை முடிந்தது.

அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. ‘நிலை ஒன்று, நிலை இரண்டு’ என்று எண் போட்டிருந்தால், ஐந்தாம் வகுப்பில் நிலை ஒன்றைப் பிடித்திருக்கிற பையன் அட்டையை மறைத்துக்கொள்வான். ‘நுழை’யை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ‘பற’வைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். சந்தையில் வழவழ அட்டைப் படப் புத்தகம் குவிந்திருக்கிறது. நடுவில் வேண்டிய இந்த ஒல்லிப் புத்தகங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

தூரன் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் கைபேசித் திரையில் விரல் வைத்தால் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கி, நீண்ட சந்திகளைக் கொஞ்சம் பிரித்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பாதித் தாளை வெள்ளையாக விட்டு கோவை ராஜவீதிப் பதிப்பாளர் யாராவது ‘கொல்லிமலைக் குள்ள’னை அச்சுக்கு அனுப்பட்டும். ஓவியரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: குள்ளனை அட்டையில் முழுசாக வரைந்துவிடாதீர்கள்.