முகத்தில் வரைந்த மச்சம்: ‘கஃபர்நாஹூம்’ திரைப்படம் குறித்து

அரபு மொழியில் ‘இஃதிராஃப்’ என்னும் சொல்லுக்கு அங்கீகரித்தல் என்றும் பொருள்; குற்றத்தை ஒப்புக்கொள்ளல் என்றும் பொருள். அறிதலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்தவை. லெபனான் இயக்குநர் நதீன் லபக்கியின் ‘கஃபர்நாஹூம்’ (2018) திரைப்படத்தைப் பார்த்தபோது இச்சொல்லே நம் நினைவில் நின்றது. கான் விழாவில் நடுவர் குழுப் பரிசு பெற்ற இப்படத்தில், தன்னைப் பெற்றதற்காகப் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்கும் சிறுவன் ஸைனைப் பற்றியே பலரும் பேசினர். நாம் பேச விழைவது ராஹிலைப் பற்றி.

ராஹில் எத்தியோப்பியப் பெண். வீட்டு வேலைக்கென பெய்ரூத் வந்து, எஜமானர் வீட்டை விட்டு வெளியேறியதால் ஆவணமற்றவளானவள். போலி அட்டையிலுள்ள படத்துக்கு ஒப்பாகத் தன் முகத்தில் மச்சம் வரைந்துகொள்கிறாள். பணியிடக் கழிவறையில் கைக்குழந்தையை ஒளித்து வைத்துப் பாலூட்டுகிறாள். அட்டையைப் புதுப்பிக்க, முதியவர் இருவரைத் தன் எஜமானர்களாக நடிக்க வைக்கிறாள். பிறரால் அறியப்படுவதற்கு அவள் முதலில் வேறொருத்தியாக வேண்டியிருக்கிறது.

‘கஃபீல்’ என்னும் சொல் நம் சபராளிக் குடும்பங்களுக்கு அந்நியமன்று. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) பொறுப்பேற்று வளர்த்ததைக் கூறத் திருக்குர்ஆன் இவ்வேரையே ஆள்கிறது. அநாதையை ஆதரிப்போரைக் குறிக்க நபிமொழியில் வருவதும் இச்சொல்லே. காக்கும் பொறுப்பைச் சுட்டிய சொல், ஒரு மனிதரின் இருப்பையே கையில் வைத்திருக்கும் அதிகாரமாகிவிட்டது. சொல்லுக்கு நேர்ந்த இவ்வீழ்ச்சி நம்மை நாணச் செய்கிறது.

படத்தின் உச்சம் நமக்கு நீதிமன்றக் காட்சியன்று. தெருவில் நின்ற ஸைனை ராஹில் தன் குடிலுக்கு அழைத்துச் சென்று உணவிடுகிறாள். தன் மகனையே அவன் பொறுப்பில் விட்டு வேலைக்குப் போகிறாள். எந்த அட்டையையும் அவள் கேட்கவில்லை. ‘கஃபாலத்’ என்பதன் மூலப்பொருள் அங்கேதான் உயிர்பெறுகிறது.

ஆயினும் நமக்கொரு குறை உண்டு. அடையாள ஆவணத்துக்காகப் படமெடுக்கும்போது ஸைன் புன்னகைப்பதோடு படம் முடிகிறது. ஆவணமே விடுதலை என்ற எண்ணத்தை அது விட்டுச் செல்கிறது. ஆனால் லெபனானின் 1946ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், ஆவணம் உள்ள வீட்டுப் பணியாளரையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. 2015இல் அவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது தொழில் அமைச்சு அதை ஏற்க மறுத்தது. ஆவணம் கிடைத்திருந்தாலும் ராஹில் தொழிலாளியாக மதிக்கப்பட்டிருக்க மாட்டாள். இதைப் படம் சொல்லாமல் விட்டது.

அங்கீகாரம் தேடி வந்தவளிடம் ஒப்புதல் வாக்குமூலம் கேட்கும் உலகில், ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் யாருடையது? நம் வீட்டில் வேலை செய்பவரின் முழுப்பெயர் நமக்குத் தெரியுமா என்பதிலிருந்து விடையைத் தேடத் தொடங்கலாம்.