செவ்வாயில் ஒரு குடியேற்றம்: ரொபின்சனின் மூன்று நாவல்கள்

செவ்வாய்க்குப் போவது பற்றி நம்மவர்கள் எழுதுவதைப் பார்த்தால், ரொக்கட் இறங்கியதோடு கதை முடிந்துவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் கிம் ஸ்டான்லி ரொபின்சனுக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது. 1992க்கும் 1996க்கும் இடையில் வெளிவந்த அவரது 'ரெட் மார்ஸ்', 'கிறீன் மார்ஸ்', 'புளூ மார்ஸ்' ஆகிய மூன்று நாவல்களும், ஒரு கோளை மனிதர் வாழத்தக்கதாக மாற்றும் வேலையை, காடு வெட்டி வயலாக்குகிறவனின் பொறுமையோடு சொல்கின்றன.

முதலில் போய் இறங்கும் நூறு பேரில் சக்ஸ் ரசல் பௌதிகவியலாளர். செவ்வாயைச் சூடாக்க வேண்டும், வளியைத் தடிப்பாக்க வேண்டும், பாசியைப் பரப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. ஆன் கிளேபோன் புவிச்சரிதவியலாளர். கோடானுகோடி வருஷமாக எவர் கையும் படாத நிலத்தை, படித்து முடிக்க முன்னமே அழிக்க எங்களுக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கிறார். உயிரில்லாத கல்லுக்காக ஒருத்தி இப்படி மாரடிப்பாளா எண்டு முதலில் தோன்றும். போகப்போக அந்தக் கேள்வி நம்மை விடாது. மனிதன் பூமியின் கலீபா என்பதை சக்ஸுக்குச் சாதகமாக வாசிக்க நம்மில் பலருக்கு ஆசை வரும். ஆனா அமானிதம் என்ற சொல்லும் பக்கத்திலேயே கிடக்குதே!

விஞ்ஞானத்தில்தான் நாவலுக்கு வயசாகிவிட்டது. செவ்வாயின் வளியமுக்கம் ஏறத்தாழ 6 மில்லிபார். நமக்கோ ஆயிரத்துச் சொச்சம். உறைந்து கிடக்கும் காபனீரொட்சைட்டைச் சூடாக்கி எழுப்பினால் போதும் என்பது அக்காலத்து நம்பிக்கை. கைக்கெட்டும் வாயு முழுவதையும் எழுப்பினாலும் அமுக்கம் 20 மில்லிபார் அளவுக்கே வரும், வெப்பநிலை 10 பாகைகூட உயராது என்று ஜகோஸ்கியும் எட்வர்ட்ஸும் 2018இல் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். 2008இல் பீனிக்ஸ் விண்கலம் அந்த மண்ணில் பேர்குளோரேற்றைக் கண்டுபிடித்தது. தைரொயிட்டைக் கெடுக்கும் உப்பு அது. கழுவி நீக்காமல் பயிரிட முடியாது. இவற்றை ரொபின்சன் அறிந்திருக்க நியாயமில்லை. அதற்காக நாவலைத் தள்ளிவைக்கவும் நியாயமில்லை.

எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. 'ரெட் மார்ஸ்' ஒரு கொலையோடு திறக்கிறது. ஜோன் பூனைக் கொல்வது அரபு இளைஞர்களின் கை. தூண்டிவிடுவது பிராங் சாமர்ஸ் என்ற அமெரிக்கர். குற்றத்தின் மூளையை அமெரிக்கரிடம் வைத்தது நேர்மைதான். ஆனால் கோபக்கார இளைஞன், பாலைவனக் கரவன், பெண்களைப் பற்றிய அந்த ஓயாத விவாதம்: பூமியில் நமக்கு ஒட்டப்பட்ட முகமூடிகள் கோள் விட்டுக் கோள் போயும் கழரவில்லை. இதற்கு மாறாக, சூபிகளோடு சேர்ந்து பூன் சுழன்றாடி, செவ்வாய்க்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களை ஓதும் இடம் அபாரமானது. அல்காஹிரா என்பதும் அவற்றில் ஒன்று. அங்கே எங்கள் மரபு வெறும் காட்சிப் பொருளல்ல. அந்நிய நிலத்தோடு உறவு கொள்ளும் ஒரு வழி.

தமிழில் இதை எழுதும்போது ஒரு சொல் இடறுகிறது. கோளை மாற்றுவதைப் புவியாக்கம் எனலாம். ஆட்களைக் கொண்டுபோய் இருத்துவதை? குடியேற்றம் என்கிறோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு, கிழக்கிலங்கையில் அந்தச் சொல்லைச் சும்மா கேட்க ஏலாது. தண்ணீரோடு காணி யாருக்கு, எந்த இனத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும் அதில் வருகிறது. ரொபின்சனின் பலம், ஒட்சிசன் கணக்கை இந்தக் கணக்கிலிருந்து பிரிக்காததுதான். கம்பனிகள், பூமியின் அரசுகள், பிறகு வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் அங்கே காணிக்காகத்தான் மல்லுக்கட்டுகிறார்கள்.

'புளூ மார்ஸ்' முடிவில் செவ்வாயில் கடல் வந்துவிடுகிறது. ஆனும் அந்தக் கரையில் சமாதானமாகிவிடுகிறார். எனக்கெண்டா அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. இரண்டாயிரம் பக்கமளவில் சக்ஸுக்கு ஈடுகொடுத்து நின்ற ஒருத்தியை, கடற்காற்று இவ்வளவு இலேசாக வென்றிருக்கக் கூடாது.