விலை இல்லை என்றால் மதிப்பும் இல்லையா?



"இலவசப் பதிவிறக்கம் இசையின் மதிப்பைக் குறைத்துவிட்டது." இந்தத் தலைப்பில் என் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதிய விவாதக் கட்டுரைகளை அண்மையில் திருத்தினேன். பெரும்பாலானவற்றில் ஒரே வாதம்தான்: சும்மா கிடைக்கும் பொருளை யாரும் மதிப்பதில்லை, பாட்டு இப்போது சும்மா கிடைக்கிறது, ஆகவே பாட்டுக்கு மதிப்பில்லை. மொழிநடைக்குப் புள்ளி போட்டுவிட்டேன். கருத்துக்குப் போட மட்டும் கை வரவில்லை. ஏன் என்று இங்கே சொல்கிறேன். நீங்கள் மறுத்தாலும் சரி, யோசித்துவிட்டு மறுங்கள்.

முதலில், இலவசம் என்பது இணையத்தோடு பிறந்தது அல்ல. நம் வீடுகளில் காலையில் முதலில் விழிப்பது வானொலிதானே? அதில் வந்த பாட்டுக்கு நாம் தனியாக ஒரு சென்கூடக் கொடுத்ததில்லை. ஆனாலும், பிடித்த பாட்டு வந்தால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அதற்கு என்ன பெயர்? மதிப்பு என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெற்று ஒலிநாடாவையும் பாடல் பட்டியலையும் கடையில் கொடுத்து, 'ரெக்கார்டிங்' செய்து வாங்கிய தலைமுறை நம்முடைய பெற்றோர். அதில் கடைக்காரருக்குக் காசு போனது. பாட்டை உருவாக்கியவருக்குப் போகவில்லை. "அந்தக் காலத்தில எல்லாரும் காசு கொடுத்து வாங்கினாங்க, இந்தக் காலத்துப் பிள்ளைங்கதான் திருடுறாங்க" என்று ஆசிரியர்களாகிய நாமும் பேசுகிறோம். அது பாதி உண்மைதான்.

இரண்டாவது, விலையை எடுத்துவிட்டால் மக்கள் மதிக்கவே மாட்டார்கள் என்பதற்கு எதிரான சான்றும் உண்டு. 2007 அக்டோபரில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு, தன் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பை இணையத்தில் வெளியிட்டது. விருப்பப்பட்ட விலையைக் கொடுத்துப் பதிவிறக்கலாம் என்றது. ஒன்றுமே கொடுக்காமலும் எடுக்கலாம். சில மாதங்களில் அதே தொகுப்பு குறுவட்டாகக் கடைக்கு வந்தபோது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. சும்மா கிடைத்ததையே பலர் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அது ஏற்கெனவே உலகப் புகழ் பெற்ற குழு. எல்லாருக்கும் இது பொருந்தும் என்று எழுதினால் அதுவும் பிழையான வாதம்.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. மூன்று மாற்றங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கேட்கும் பொறுமை. 60 நிமிட ஒலிநாடாவில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக வேண்டுமானால் நாடாவை ஓட்டி ஓட்டி நிறுத்த வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுவோம். நான்காம் முறை கேட்கும்போது அந்தப் பிடிக்காத பாட்டே மனத்தில் உட்கார்ந்துவிடும். எம்பி3 வந்த பிறகு, சாதாரணத் தரத்தில் ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 1 மெகாபைட் போதும். 4 கிகாபைட் விரலியில் 1000 பாடல் அடங்கும். நானும் அப்படிச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் பாதியை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. சேர்ப்பது சுலபமானதும் கேட்பது தள்ளிப்போனது. இதற்குக் காரணம் விலை மட்டுமல்ல, அளவும்தான். மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கிறவரும் பத்து விநாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார், பாருங்கள்.

இரண்டு, பெயர். தமிழாசிரியராக என்னை அதிகம் உறுத்துவது இதுதான். 2006இல் நம் நாட்டின் யோகி பி - நட்சத்திரா குழு 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டது. அதில் வந்த 'மடை திறந்து' என் கைப்பேசிக்கு நண்பன் வழியாக புளூடூத்தில் வந்தது. ஒரு சென் செலவில்லை. நம் நாட்டுப் பையன்கள் தமிழில் சொல்லிசை பாடுகிறார்கள் என்ற பெருமையில் அதை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. சும்மா வந்ததால் அதன் மதிப்பு என்னிடம் குறையவில்லை. ஆனால், அந்தக் கோப்பில் பாட்டின் தலைப்பு மட்டும்தான் இருந்தது.

அந்தப் பாட்டின் வேர் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இருக்கிறது. இசை இளையராஜா, குரல் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் என்று மாணவர்கள் சிலர் சொல்லிவிடுவார்கள். வரிகளை எழுதியவர் யார் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். எழுதியவர் வாலி. வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமானதும் இதே படத்தில்தான். ஒலிநாடா உறையில் பொடி எழுத்தில் இப்படிப்பட்ட பெயர்களைத் தேடிப் படிப்பதே அப்போது ஒரு பொழுதுபோக்கு. பதிவிறக்கக் கோப்பில் அந்த உறை இல்லை. பாட்டு வந்து சேர்ந்தது, கவிஞர் காணாமல் போனார்.

மூன்று, இழப்பு யாருக்கு என்பது. இதை ஒரு மாணவரும் எழுதவில்லை. தமிழ்த் திரைப்பாடல் பதிவுக்கான செலவு படத் தயாரிப்புச் செலவில் அடங்கிவிடுகிறது. பாட்டு விற்காவிட்டாலும் படம் ஓடினால் போட்ட பணம் திரும்பலாம். உள்ளூர்க் கலைஞரின் நிலை அப்படியா? ஒலிப்பதிவுக் கூட வாடகையைப் பல நேரம் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார். மலேசியாவில் இந்தியர்களே ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். அந்தச் சின்னச் சந்தையில் நூறு பேர் வாங்காமல் பகிர்ந்துகொண்டால், அடுத்த பாட்டே வராமல் போகலாம். அதே பகிர்வுதான் அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் விவாதக் கட்டுரை.

இப்போது நம் பக்கம் திரும்புவோம், ஆசிரியர்களே. சென்ற ஆண்டு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து ஒரு பயிற்றி தயாரித்தேன். புலனக் குழுவில் இலவசமாகத்தான் பகிர்ந்தேன். சில மாதங்கள் கழித்து அது வேறொரு குழுவில் சுற்றி என்னிடமே வந்தது. முதல் பக்கம் இல்லை, அடிக்குறிப்பில் இருந்த என் பெயரும் இல்லை. காசு வரவில்லையே என்று நான் வருந்தவில்லை. கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேன். பெயரை வெட்டியதுதான் வலித்தது. அன்று மாலை என் மடிக்கணினியில் 'வகுப்புப் பாடல்கள்' என்ற கோப்புறையைத் திறந்து பார்த்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். ஒன்றில்கூடக் கவிஞர் பெயர் இல்லை. எல்லாம் நானே வலையொளியிலிருந்து இறக்கியவை. யாரைக் குறை சொல்வது?

ஆக, என் தீர்ப்பு இது. இலவசப் பதிவிறக்கம் இசையின் மீதான ஆசையைக் குறைக்கவில்லை. இசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைவைத்தான் குறைத்துவிட்டது. 1999இல் நேப்ஸ்டர் வந்தது. 2001இல் நீதிமன்றம் அதை முடக்கியது. 2013இல் ஸ்போட்டிஃபை நம் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. இப்போது பலர் பதிவிறக்குவதே இல்லை. ஆனாலும் அந்த மறதி போகவில்லை.

மாணவர்களே, இத்தலைப்பு தேர்வில் வந்தால் முதல் பத்தியிலேயே 'விலை' வேறு, 'மதிப்பு' வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். பிறகு 'யாருக்கு இழப்பு, யாருக்கு நன்மை?' என்று கேளுங்கள். எதிர்க்கருத்து ஒன்றையாவது நேர்மையாக எழுதி, அதற்குப் பதில் சொல்லுங்கள். "சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பள்ளிக்கூட நூலகமும் சும்மாதான்.

என் கோப்புறையில் இதுவரை 11 பாடல்களுக்குக் கவிஞர் பெயரைத் தேடிச் சேர்த்துவிட்டேன். மீதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கோப்புறையையும் ஒருமுறை திறந்து பாருங்களேன்.