ஒரே வேடம், பல நட்சத்திரங்கள்
‘ஹலோ, டாலி!’ இசை நாடகம் தரும் படிப்பினை

திரைப்படத்திற்கு இல்லாத ஒரு தன்மை மேடை நாடகத்திற்கு உண்டு. திரையில் ஒருமுறை பதிந்த முகம் என்றென்றும் அதே முகந்தான். மேடையிலோ வேடம் நிலைத்து நிற்கும். வேடந் தாங்கியவர் மாறுவார். நடிகர் நோயுறலாம், ஓய்வு பெறலாம், ஒப்பந்தம் முடிந்து விலகலாம். ஆனால் மறுநாள் மாலை குறித்த நேரத்தில் திரை உயர்ந்தாக வேண்டும். ஆகவே ஒருவர் விட்டுச் சென்ற வேடத்தை மற்றொருவர் ஏற்பது மேடையின் இயற்கை. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

எனினும், நியூயார்க் நகரின் பிராட்வே அரங்குகளில் இவ்வியற்கை ஒரு வாணிப முறையாகவே வளர்ந்துவிட்டது. நாடகம் பழையதாகி வசூல் தளரும் வேளையில், வேறு துறையில் புகழ் பெற்ற ஒருவரை அழைத்து வந்து அதே வேடத்தில் நிறுத்துவர். மறுவாரமே டிக்கெட் அறையின் முன் கூட்டம் நிற்கும். இது கலைக்குச் செய்யும் தொண்டா, கலையை முதலாக வைத்துச் செய்யும் வியாபாரமா? இவ்வினாவிற்கு விடை காண ‘ஹலோ, டாலி!’ என்னும் இசை நாடகத்தைப் போல் ஏற்ற சான்று வேறில்லை.

கதையும் தலைவியும்

1835இல் ஜான் ஆக்ஸன்போர்டு எழுதிய ஆங்கில நாடகமொன்றைத் தழுவி, 1842இல் வியன்னாவில் யோகான் நெஸ்ட்ராய் ஒரு நகைச்சுவை நாடகம் படைத்தார். அதை அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டர் 1938இல் தம் நாட்டுக்கு ஏற்ப மாற்றினார். முன்னிரு நாடகங்களிலும் டாலி என்னும் பெண் இல்லை. அவளைப் படைத்தவர் வைல்டரே. பின்னர் அவர் அதைத் திருத்தி எழுதி, ‘தி மேட்ச்மேக்கர்’ என்னும் பெயரில் 1955இல் நியூயார்க் மேடைக்குக் கொணர்ந்தார். இதற்கு மைக்கேல் ஸ்டீவர்ட் வசனமும், ஜெர்ரி ஹெர்மன் பாடலும் இசையும் அமைக்க, கோவர் சாம்பியன் இயக்க, டேவிட் மெரிக் தயாரிக்க, 1964 ஜனவரி 16ஆம் நாள் ‘ஹலோ, டாலி!’ அரங்கேறியது. அவ்வாண்டு அது பெற்ற டோனி விருதுகள் பத்து.

டாலி ஒரு விதவை. ஊராருக்குத் திருமணம் பேசி முடிப்பவள். யாங்கர்ஸ் நகரத்துப் பணக்கார வணிகர் வாண்டர்கெல்டருக்குப் பெண் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே, அவரைத் தானே மணக்கத் திட்டமிடுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இது கேலிக் கதை. உள்ளே இருப்பதோ, கணவனை இழந்தபின் உலகத்திலிருந்து ஒதுங்கி வாழ்ந்த ஒருத்தி, மீண்டும் மனிதர் நடுவே வந்து வாழத் துணியும் கதை.

மெரிக்கின் கணக்கு

டாலியாக முதலில் நடித்தவர் கரோல் சானிங் அம்மையார். வியப்பில் விரிந்த கண்களும் கரகரத்த குரலும் அவருக்கே உரியவை. வேடமும் அவரும் வேறல்லர் என்றே ரசிகர்கள் எண்ணினர். 1965இல் அவர் விலகியபோது நாடகம் முடிந்தது என்று பலரும் கருதியிருக்கக்கூடும். மெரிக் அப்படிக் கருதவில்லை. திரைப்பட நடன நட்சத்திரம் ஜிஞ்சர் ராஜர்ஸை அழைத்தார். தொடர்ந்து மார்த்தா ரே, பெட்டி கிரேபிள், பேர்ல் பெய்லி, பிலிஸ் டில்லர், எதெல் மெர்மன் ஆகியோர் முறையே வந்தனர். லண்டன் மேடையில் மேரி மார்ட்டின் நடித்தார். இவர்களுள் நடனத்தால் புகழ் பெற்றவர் உண்டு. நகைச்சுவையால் பெற்றவர் உண்டு. பாட்டால் பெற்றவரும் உண்டு. இந்த ஏற்பாட்டினால் நாடகம் 1970 டிசம்பர் 27 வரை ஓடி, 2,844 காட்சிகளைக் கண்டது. ‘மை பேர் லேடி’யின் 2,717 காட்சிகள் என்னும் சாதனை அதனால் முறிந்தது.

இதைத் தயாரிப்பாளரின் தந்திரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. எந்த நாடகத்திலும் இத்தந்திரம் இப்படிப் பலித்துவிடாது. பலித்ததற்குரிய காரணம் நாடகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

படிக்கட்டும் தனிமொழியும்

இரண்டாம் அங்கத்தில் டாலி, தான் முன்பு அடிக்கடி சென்றுவந்த ஆர்மோனியா கார்டன்ஸ் உணவு விடுதிக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் திரும்புகிறாள். உயர்ந்த படிக்கட்டின் உச்சியில் சிவப்பு உடையில் தோன்றி, மெல்ல இறங்கி வருகிறாள். பணியாளர்கள் வரிசையாக நின்று அவளை வாழ்த்திப் பாடுகின்றனர். நாடகத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு இதுவே. கதைப்படி இது டாலிக்கு அளிக்கும் வரவேற்பு. அரங்கில் அமர்ந்திருப்பவர்க்கோ, இது தாம் நெடுநாளாக அறிந்த நட்சத்திரத்திற்கு அளிக்கும் வரவேற்பு. இரண்டு வரவேற்பும் ஒரே பாட்டில் கலந்துவிடுகின்றன. வருபவர் யாராயினும், அவருக்கு ஒரு கடந்தகாலப் புகழ் இருந்தால் போதும், காட்சி வென்றுவிடும். புதிய நட்சத்திரம் வரும்போதெல்லாம் பாட்டும் புதிதாகிறது. இத்தகைய வாயிலை வேறு எந்த இசை நாடகமும் இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்ததில்லை எனலாம்.

ஆனால் நாடகத்தில் வேறொரு காட்சியும் உண்டு. முதல் அங்கத்தின் முடிவில், ஊர்வலம் புறப்படும் ஆரவாரத்தின் நடுவே, டாலி தனியே நின்று இறந்துபோன கணவன் எப்ராயிமோடு பேசுகிறாள். தான் மீண்டும் மனிதர் கூட்டத்தில் சேர விரும்புவதைச் சொல்லி, அவனிடம் விடை கேட்கிறாள். அவன் இசைவுக்கு ஓர் அடையாளமும் வேண்டுகிறாள். அங்கே படிக்கட்டு இல்லை, வரவேற்பாளர் இல்லை. பழைய புகழ் அங்கே உதவாது. ஒரு பெண்ணின் தனிமையும் துணிவும் மெய்ப்பாடாக வெளிப்பட்டாக வேண்டும்.

என் கருத்து இதுதான்: படிக்கட்டு நட்சத்திரத்திற்கு உரியது, தனிமொழி நடிகைக்கு உரியது. படிக்கட்டில் மட்டும் வெல்பவர் டிக்கெட் விற்றவர். தனிமொழியிலும் வெல்பவரே வேடத்தை ஏற்றவர். நட்சத்திர மாற்றத்தை அளக்க இதனினும் எளிய அளவுகோல் தேவையில்லை.

பெய்லியும் மெர்மனும்

இவ்வரிசையில் தனித்து நிற்பவர் பேர்ல் பெய்லி. 1967 நவம்பரில் மெரிக் தலைவியை மட்டும் மாற்றவில்லை. நடிகர் குழு முழுவதையும் மாற்றினார். கேப் கேலவே வாண்டர்கெல்டராக நடிக்க, கறுப்பின நடிகர்களே மேடையை நிறைத்தனர். சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறி மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எல்லா இனத்தவரும் கலந்து நடிக்க வேண்டிய வேளையில், ஓரினத்தவரை மட்டும் தனிக்குழுவாக நிறுத்துவது பழைய பிரிவினையின் வேறு வடிவமாகாதா? இக்கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. மெரிக்கின் நோக்கத்தில் வசூல் இருந்தது என்பதிலும் ஐயமில்லை.

ஆயினும் விளைவை நோக்குவோம். பெரிய இசை நாடகத்தில் தலைவியாகவும் தலைவனாகவும் நின்று பாடும் வாய்ப்பு அன்று அவர்களுக்கு அரிது. பெய்லி அவ்வாய்ப்பை வீணாக்கவில்லை. அக்குழுவின் பாடல்கள் தனி இசைத்தட்டாக வெளிவந்துள்ளன. முதற் குழுவின் தட்டோடு ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு தெளிவாகும். சானிங்கின் டாலி உலகத்தைக் கண்டு வியப்பவள். பெய்லியின் டாலி உலகத்தை முன்பே அறிந்தவள். அவசரமின்றி, பக்கத்தில் அமர்ந்து பேசுபவளைப் போல், தாளத்திற்குச் சற்றுப் பின்தங்கி, பிறகு தாவிப் பிடித்துப் பாடுகிறாள். சொல்லும் பண்ணும் மாறவில்லை, ஆள் மாறிவிட்டாள். 1968இல் அவருக்குச் சிறப்பு டோனி விருது கிடைத்தது தகும்.

மெர்மனின் கதை வேறு. ஹெர்மன் இவ்வேடத்தை அமைக்கும்போதே மெர்மனைத்தான் மனத்தில் வைத்திருந்தார். மெர்மன் மறுத்துவிட்டார். 1970இல் அவர் மனமிசைந்து வந்தபோது, அவருக்கென்று முன்பு எழுதி நீக்கப்பட்ட இரண்டு பாடல்கள் மீண்டும் இடம் பெற்றன. கடைசியாக வந்தவர் முதலில் நினைக்கப்பட்டவராக இருந்தார்! ஒரு வேடம் இன்னாருக்கே சொந்தம் என்று சாதிப்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பெயர் மட்டும் போதுமா?

எதிர்ச்சான்றும் உண்டு. 1964இல் சிறந்த இசை நாடக நடிகைக்கான டோனி விருதுப் போட்டியில் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டை வென்றவர் சானிங். ஆயினும் 1969இல் வந்த திரைப்படத்தில் டாலி வேடம் ஸ்ட்ரைசாண்டுக்கே சென்றது. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 26. அவருடைய குரல் வளம் ஒப்பற்றது. ஆனால் பல்லாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தபின் திரும்பி வரும் விதவைக்கு, திரும்பி வருவதற்கு ஒரு கடந்தகாலம் வேண்டாமா? படிக்கட்டில் இறங்குபவர் அப்போதுதான் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்தவர். ஒலி நிறைந்தது; பொருள் குறைந்தது.

2017இல் பெட் மிட்லர் டாலியாக ஷூபர்ட் அரங்கில் நடித்தார். டிக்கெட் விற்பனை தொடங்கிய முதல் நாளிலேயே 90 லட்சம் டாலருக்கு மேல் வசூலாயிற்று. அவர் டோனி விருதும் பெற்றார். 2018 ஜனவரியில் பெர்னடெட் பீட்டர்ஸ் அவ்வேடத்தை ஏற்க, இறுதி வாரங்களுக்கு மிட்லர் மீண்டும் வந்தார். இவர்களிருவர் பெயரையும் உலகம் அறியும். மிட்லர் ஓய்வெடுத்த செவ்வாய்க்கிழமைகளில் அதே வேடத்தில் நின்றவர் டோனா மர்பி. அவரும் முன்னரே இரண்டு டோனி விருதுகள் பெற்ற தேர்ந்த நடிகை. ஆனால் அவருக்காக எத்தனை பேர் பெரும் விலை கொடுத்து டிக்கெட் வாங்க முன்வருவர்? பெய்லி வர இயலாத நாள்களில் அவ்வேடத்தைத் தாங்கிய தெல்மா கார்ப்பெண்டரின் பெயரை இன்று எத்தனை பேர் நினைக்கின்றனர்?

நட்சத்திர முறையின் உண்மையான தீங்கு இங்கேதான் இருக்கிறது. நட்சத்திரம் நன்றாக நடிக்கவில்லை என்பதன்று தீங்கு; பலர் நன்றாகவே நடித்தனர். பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கப் பழகிய ரசிகன், பெயரில்லாத திறமையைக் கண் முன்னே கண்டும் ஏமாந்துவிட்டதாக எண்ணுகிறான். அவன் வாங்கியது நாடகத்திற்கான டிக்கெட் என்பதையே மறந்துவிடுகிறான்.

ஆகவே நட்சத்திரம் வருவதைத் தடுக்க வேண்டியதில்லை. பெய்லி வராதிருந்தால் டாலியின் ஒரு பாதியை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். பெரிய பெயரின் தயவால் நாடகம் ஏழாண்டு ஓடுகிறது. அதனால் மேடையில் நூறு பேர் பிழைக்கின்றனர். ஆனால் வந்தவரை வரவேற்பதோடு ரசிகனின் கடமை முடிந்துவிடவில்லை. படிக்கட்டுக் காட்சிக்குக் கை தட்டுவது எளிது; அங்கே நாம் பெரும்பாலும் நம் நினைவுகளுக்கே கை தட்டுகிறோம். ஊர்வலத்திற்கு முன் அந்த விதவை தனியே நின்று பேசும்போது செவி கொடுப்பவனே நாடகம் பார்த்தவன். அங்கே நிற்பவர் உலகறிந்தவராயினும், செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் வந்தவராயினும், அவருக்குரிய மதிப்பைக் குறைவின்றி அளிக்க வேண்டும்.