சாட்சியும் மொழியும்: ‘லாக்கப்’ நூலும் ‘விசாரணை’ திரைப்படமும்

உண்மை நிகழ்வுகளை அடியொற்றிய திரைப்படங்களுள் உயிர் பிழைத்தலைப் பொருளாகக் கொண்டவை, பார்வையாளர்க்கு ஓர் உறுதியை முன்கூட்டியே அளித்துவிடுகின்றன. துன்புற்றவர் மீண்டு வந்தார்; அதனாலேயே கதை கிடைத்தது என்பதே அவ்வுறுதி. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் வெளிவந்த வெற்றிமாறனின் ‘விசாரணை’ இவ்வுறுதியை மறுக்கிறது. அதன் மூலநூலான ‘லாக்கப்’ பிழைத்து வந்தவர் ஒருவரின் எழுத்து. படத்திலோ அவர் இடத்தில் நிற்கும் பாண்டி கொல்லப்படுகிறான். இம்மாற்றத்தைச் சுவைக்காகச் செய்யப்பட்டதெனக் கொண்டு கடந்துவிட இயலாது.

கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் நண்பர்களுடன் பிடிக்கப்பட்டு, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு சித்திரவதைக்கு உள்ளானவர். அப்பட்டறிவே நூலாயிற்று. தமிழில் ‘பிழைத்தல்’ என்னும் சொல் உயிர் தப்புதலையும் குறிக்கும்; தவறிழைத்தலையும் குறிக்கும்; ‘பிழைக்கப் போதல்’ என்னும் வழக்கில் கூலி தேடி ஊர் விட்டுச் செல்வதையும் குறிக்கும். குண்டூருக்குப் பிழைக்கப் போனவர்களின் வரலாற்றில் இம்மூன்று பொருளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. நூலைப் படிப்பவர்க்கு எழுதியவர் உயிரோடிருப்பது தெரியும். ஆதலின் அவர் மனம், பிழைப்பாரா என்பதினும் எவ்வாறு தாங்கினார் என்பதிலேயே நிற்கிறது.

படத்தின் முற்பகுதி நூலுக்கு அணுக்கமானது. பாண்டியும் (தினேஷ்) உடனிருப்போரும் பூங்காவில் உறங்கும் தொழிலாளர்கள். காவல் நிலையத்தில் அவர்தம் மனவுறுதி பெருஞ்செயலாகக் காட்டப்படவில்லை. ‘செய்யவில்லை’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வதே அவர்களால் இயன்ற எதிர்ப்பு. உண்ண மறுக்கின்றனர். விடுதலை கிடைத்துவிட்டதென நம்பவைத்து அவர்களை உண்ணச் செய்கின்றனர் காவலர். உண்டபின் மீண்டும் அடிக்கின்றனர். பசியையும் நம்பிக்கையையும் ஒருசேரக் கருவியாக்கும் இக்காட்சி, தடியடிக் காட்சிகளைவிடக் கொடியது.

மொழி இங்கே தனியே நோக்கத்தக்கது. தெலுங்கு அறியாமை அவர்களைப் பேச்சற்றவர்களாக்குகிறது. அடிப்பவரின் சொல் விளங்காதபோது அடி ஒன்றே மொழியாக எஞ்சுகிறது. நீதிமன்றத்தில் தமிழகக் காவல் ஆய்வாளர் முத்துவேல் (சமுத்திரக்கனி) அவர்களது தமிழை நீதிபதிக்குப் பெயர்த்துச் சொல்ல, விடுதலை கிடைக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பு நான்கு உயிர்களைக் காத்தது எனலாம். அம்மொழிபெயர்ப்பாளன் ஒரு காவலன் என்பதைப் படம் மறக்கவிடுவதில்லை. அவன் குண்டூர் வந்ததே கே.கே. என்னும் கணக்காய்வாளனைக் கவர்ந்து செல்லத்தான். அப்பணிக்கு இவர்களையும் துணையாக்கிக்கொள்கிறான்.

இயக்குநரின் சேர்க்கையான பிற்பகுதியில் இந்நிலை தலைகீழாகிறது. தமிழகக் காவல் நிலையத்தைத் துப்புரவு செய்ய நிறுத்தப்பட்டவர்களின் செவியில், காவலர் தமக்குள் பேசும் கமுக்கம் விழுகிறது. குண்டூரில் மொழி விளங்காமை துன்பமாயிற்று. இங்கோ மொழி விளங்குவதே கேடாகிறது. கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய சாட்சிகளாதலின் அவர்கள் கொல்லப்பட வேண்டியவர்களாகின்றனர். தாய்மொழியும் தாயகமும் புகலிடம் என்னும் எண்ணத்தை இத்துணைக் கடுமையாக மறுத்த தமிழ்ப் படங்கள் சிலவே.

ஆயினும் பிற்பகுதியில் ஓர் இழப்பும் உண்டு. கே.கே.யின் மரணத்திற்குப்பின் கதையின் அறச்சுமை முத்துவேலின் மனச்சான்றுக்கு இடம்பெயர்கிறது. சமுத்திரக்கனியின் நடிப்பு தேசிய விருது பெற்றது, அது பொருத்தமே. எனினும், முற்பகுதியில் மறுத்தும் பட்டினி கிடந்தும் தம் முடிவைத் தாமே எடுத்த தொழிலாளர்கள், பிற்பகுதியில் பிறர் முடிவுக்காகக் காத்திருப்போராகச் சுருங்குகின்றனர். முத்துவேலும் கொல்லப்படுவது இச்சாய்வை ஓரளவு ஈடுசெய்தாலும் முழுமையாக நீக்கவில்லை. சந்திரகுமாரின் எழுத்தில் இச்சிக்கல் எழ இடமில்லை. அங்கே அடிபட்டவனே கதைசொல்லி.

சொல்லவேண்டியவனைக் கொன்றுவிட்ட படத்தில் சாட்சி யார் என்னும் வினா எஞ்சுகிறது. நடந்ததைக் கதைக்குள் அறிந்தவர்கள் அதனை மறைக்க வேண்டியவர்களே. இருளில் வெடியோசையோடு முடியும் இறுதியில் முழு உண்மையோடு வெளியேறுவோர் திரையரங்கில் இருந்தவர் மட்டுமே. நால்வருள் குமார் ஒருவனே பிழைக்கிறான். ஊர் திரும்பும் வழியில் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டவன் அவன். குண்டூரில் பட்ட அடி அவனுக்குத் தெரியும். பின்னர் நடந்தது தெரியாது. படமும் அவனிடம் திரும்பிச் செல்வதில்லை.